பெட்டைப் பூனைக்கு ஐந்து மாதம்: ஒரு ஈத்தா, மாத்திரையா, ஆபரேஷனா?

வீட்டில் வளரும் பெட்டைப் பூனைக்கு நாலைந்து மாதம் ஆகும்போது ஒருநாள் ராத்திரி வழக்கமில்லாத குரலில் கத்தத் தொடங்கும். தரையில் உருளும், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும், வாசற்கதவையே சுற்றிச்சுற்றி வரும். முதல்முறை பார்ப்பவர்கள் வயிற்றுவலியோ என்று பயந்து டாக்டருக்குப் போன் செய்வார்கள். வலி இல்லை, பூனை ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு வந்திருக்கிறது. இனி வீட்டார் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் அதுவும் முடிவுதான். பூனையின் சினைக்காலம் சுமார் 9 வாரம். குட்டிகள் வந்துவிடும்.

முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. பூனை எலி பிடிக்க இருந்தது, மிச்சச் சோற்றைத் தின்றது, மச்சிலோ விறகு அடுக்கிலோ குட்டி போட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவார்கள். ‘மீன் தலை கிடைக்கும், பிழைச்சுக்கும்’ என்று சொல்லிக்கொள்வார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை, வேறு வழி தெரியவில்லை. இன்று பூனை கட்டிலில் படுக்கிறது, அதற்குப் பெயர் இருக்கிறது, தடுப்பூசி அட்டை இருக்கிறது, மாதாமாதம் தீனிப் பாக்கெட் வருகிறது. ஆனால் இவ்வளவும் செய்கிறவர்களில் பலர் கருத்தடை ஆபரேஷன் என்றதும் தயங்குகிறார்கள். நாய்களுக்கு இது நமக்குப் பழகிய விஷயம். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிவிட்டது. நாய் என்றால் கடி, ரேபீஸ் என்று ஊரே கவலைப்படும். பூனை பெருகுவதால் ஊருக்குப் பெரிய தொல்லை இல்லை என்பதால் அது அவரவர் வீட்டு விவகாரமாகவே நின்றுவிட்டது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ஹீட்டுக்கு முன்பே, ஐந்து மாதம் முடிவதற்குள் ஆபரேஷன். ஆனால் மற்ற வழிகளை யோசிப்பவர்கள் அக்கறை இல்லாதவர்கள் கிடையாது. பெரும்பாலும் பூனை மீது உள்ள பாசத்தால்தான் யோசிக்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

‘ஒரு ஈத்தாவது போடட்டும்’

நான் அதிகம் கேட்பது இதைத்தான். ‘பாவம், ஒரு தடவையாவது தாயாகட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்.’ ஒரு ஈத்து போட்டால் உடம்புக்கு நல்லது, சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசவும் சங்கடமாக இருக்கும்.

உடம்பு விஷயத்தில் உண்மை நேர் எதிராக இருக்கிறது. பூனைகளுக்கு மார்பகக் கட்டி வந்தால் பத்தில் எட்டுக்கு மேல் புற்றாகவே இருக்கும். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 6 மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு வயதுக்குள் செய்தால் 86 சதவீதம். அதற்கப்புறம் பயன் சரசரவென்று இறங்கி, இரண்டு வயதுக்கு மேல் இல்லாமலே போகிறது. ‘ஒரு ஈத்து’ என்று ஆரம்பித்து, குட்டிகளை வளர்த்து, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, இன்னொரு ஈத்தும் ஆகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுக்கக் கைவிட்டுப் போய்விடும்.

தாய்மை ஆசை பற்றியும் சொல்ல வேண்டும். குட்டி போட்ட பூனை குட்டிகளை எவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அது மனதைத் தொடும். ஆனால் குட்டி போடாத பூனை அதை நினைத்து ஏங்குவதில்லை. ஹீட்டில் கத்துவது ஹார்மோனின் வேலை. ஆபரேஷன் ஆனதும் அந்தத் தவிப்பு நின்றுவிடும். ஏக்கம் நம் மனதில் இருப்பது. அது தவறில்லை, ஆனால் அதன் விலையைக் குட்டிகள் கொடுக்கின்றன.

ஒரு ஈத்துக்குச் சராசரியாக நாலு குட்டி. பிறந்த அன்று படம் அனுப்பினால் ‘எனக்கொண்ணு, எனக்கொண்ணு’ என்று பதில்கள் குவியும். எட்டாவது வாரத்தில் ஒவ்வொருவராகப் பின்வாங்குவார்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தைக்கு மூச்சுத்திணறல், ஊருக்குப் போகிறோம். ஆண் குட்டி இருந்தால் வாங்கிக்கொள்வார்கள். பெட்டைக் குட்டிகள் தங்கிவிடும். அவை ஐந்தாம் மாதத்தில் ஹீட்டுக்கு வரும். தாயும் சும்மா இருக்காது, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். நம் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். பூனையின் ஹீட் பகல் வெளிச்சத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அது ஓய்ந்துவிடும். சென்னையில் மார்கழியிலும் பகல் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் ஆண்டு முழுக்க ஈத்துதான், ஓராண்டில் மூன்று ஈத்துகூட நடக்கும்.

ஒரு ஜோடிப் பூனை ஏழு வருடத்தில் நாலு லட்சம் பூனையாகிவிடும் என்று ஒரு கணக்கு வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை, ஏனென்றால் அது சரியில்லை. பிறக்கும் குட்டிகள் எல்லாம் பிழைத்துப் பெருகும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நிஜத்தில் அவை பிழைப்பதில்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலைனாவில் வெளியே திரியும் பூனைகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், பிறந்த 169 குட்டிகளில் 127 ஆறு மாதத்துக்குள் இறந்தோ காணாமலோ போயின. நாலில் மூன்று. நம் தெருக்களில் வண்டி இருக்கிறது, நாய் இருக்கிறது, தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டே நாளில் கொத்தாகக் கொண்டுபோகும் பார்வோ வைரஸ் இருக்கிறது. நாலு லட்சம் என்ற எண்ணைவிட இந்த நாலில் மூன்றுதான் என்னைத் தூங்கவிடாதது.

மீன் மார்க்கெட்டில் விடுவதும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. தாயிடம் வேட்டை பழகாத, கூட்டத்தையும் நாயையும் அறியாத குட்டி அங்கே மீன் தலைக்குப் பெரிய பூனைகளோடு போட்டி போட முடியாது. பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாவம் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்த பாவம் இதுதான். ஆபரேஷன் மதத்துக்கு ஒத்துவருமா என்று தயங்கும் குடும்பங்களும் உண்டு. தெரிந்த பெரியவரிடமோ ஆலிமிடமோ கேட்பது நல்லது. கேட்கும்போது ‘ஆபரேஷன் பண்ணலாமா’ என்று மட்டும் நிறுத்தாமல், பண்ணாவிட்டால் குட்டிகளுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாத்திரை, ஊசி

ஹீட்டை நிறுத்த ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. அதனால் இதுதான் மென்மையான வழி என்று தோன்றும். நீண்டநாள் கொடுத்தால் இது மிக மோசமான வழி. இவை புரொஜெஸ்டின் வகை மருந்துகள். தொடர்ந்து போனால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம், மார்பகம் வீங்கலாம், மார்பகக் கட்டி வரும் ஆபத்து கூடும், சர்க்கரை நோயும் வரலாம். சீழ் பிடித்தால் கடைசியில் அதே ஆபரேஷனை, காய்ச்சலோடு துவண்டு கிடக்கும் பூனைக்கு, அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான பூனைகளில் மயக்க மருந்தை ஒட்டிய இறப்பு சுமார் ஆயிரத்துக்கு ஒன்று. நோயுற்ற பூனைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல். மயக்க மருந்துக்குப் பயந்து மாத்திரைக்குப் போகிறவர்கள், அந்தச் சிறிய ஆபத்தைத் தவிர்க்கப்போய்ப் பெரிய ஆபத்தின் பக்கம் பூனையைத் தள்ளுகிறார்கள். அதுவும் டாக்டரைக் கேட்காமல், மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

ஒரே ஊசியில் ஆயுளுக்கும் கரு தரிக்காமல் செய்யும் மரபணுச் சிகிச்சை ஒன்று சோதனையில் இருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர்கள் 6 பெட்டைகளுக்கு அதைப் போட்டு இரண்டு ஆண்டு கவனித்திருந்தார்கள். ஒன்றும் சினையாகவில்லை. தெருப்பூனைகளுக்கு ஒருநாள் அது பெரிய வரமாக அமையலாம். உங்கள் வீட்டுப் பூனைக்கு இந்த மாதம் அது உதவாது.

கதவைச் சாத்தி வைப்பது

‘எங்க பூனை வெளியவே போகாது, அதுக்கெதுக்கு ஆபரேஷன்?’ அடுக்குமாடி வீடுகளில் இது நியாயமான கேள்வி. பால்கனிக்கு வலை போட்டு, கதவைக் கவனமாகச் சாத்துகிற வீட்டில் பூனை சினையாகாமல் வருடக்கணக்கில் இருக்கலாம். ஆனால் சினையாகாத பூனைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஹீட் திரும்பத் திரும்ப வரும். அந்த நாட்களில் சாப்பிடாது, தூங்காது, உடம்பு இளைக்கும், கண்ட இடத்தில் சிறுநீர் தெளிக்கும். கீழ்வீட்டில் இருந்து புகார் வரும். கர்ப்பப்பைச் சீழும் மார்பகப் புற்றும் வரும் ஆபத்து அப்படியே இருக்கும். அப்புறம் என்றோ ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கதவைத் திறந்து வைப்பார். ஹீட்டில் இருக்கும் பூனைக்கு அந்த ஒரு நிமிடம் போதும். வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், ஆனால் ஆபரேஷனோடு சேர்த்து.

எப்போது செய்வது

நெடுங்காலம் ‘ஆறு மாதம் ஆகட்டும்’ என்பதுதான் வழக்கமாக இருந்தது. நம் ஊரில் இன்னும் பல இடங்களில் அதையே சொல்வார்கள். ஆனால் பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே சினையாகக்கூடும். ஆறு மாதம் காத்திருப்பவர்களின் பூனை ஆபரேஷன் மேசைக்கு வரும்போதே வயிற்றில் குட்டியோடு வருவது அதனால்தான். அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் குழு ஒன்று 2016இல் கூடி, ஐந்து மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது.

இதற்கு எதிராக வரும் கேள்வி ஒன்று யோசிக்கத் தக்கது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் மூட்டு கெடும் என்று இணையத்தில் படித்திருப்பார்கள். அது நாய்களைப் பற்றியது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013இல் கோல்டன் ரிட்ரீவர் நாய்களை ஆராய்ந்து, ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தவற்றில் மூட்டுக் கோளாறு கூடுதலாக இருப்பதைக் கண்டது. பெரிய இன நாய்களுக்கு அதனால் இப்போது காத்திருக்கச் சொல்கிறார்கள். மூன்று நான்கு கிலோ பூனைக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. ஆண் குட்டிக்குச் சீக்கிரம் செய்தால் சிறுநீர்க் குழாய் சுருங்கி அடைப்பு வரும் என்ற பயமும் அப்படித்தான். அளந்து பார்த்த ஆய்வுகளில் குழாயின் விட்டத்தில் வித்தியாசம் இல்லை.

ஆபரேஷனில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் பத்து நாள் தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கழுத்தில் காலரோ உடம்பில் துணிச் சட்டையோ போட வேண்டும், பூனை முறைத்துக்கொண்டு திரியும். அதற்கப்புறம் உடம்புக்குத் தேவையான தீனி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும், ஆனால் பசி குறையாது. முன்பு போட்ட அளவே போட்டால் பூனை பருத்துவிடும். தீனியை அளந்து போடுவதுதான் ஆபரேஷனுக்குப் பின் ஆயுள் முழுக்க இருக்கும் ஒரே வேலை. இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். சிறு துண்டுகூடப் பூனையைக் கொன்றுவிடும். வலிமருந்தை டாக்டரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி போடுவது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பூனைக்குச் சொல்வது போலக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

செலவு தனியார் மருத்துவமனைகளில் சில ஆயிரம் ரூபாய் வரும். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது, குறைந்த செலவில் செய்து தரும் விலங்கு நல அமைப்புகளும் உண்டு. சிறு ஊர்களில் நிலைமை வேறு. அரசுக் கால்நடை மருத்துவமனைகள் மாட்டையும் ஆட்டையும் நம்பி வாழும் குடும்பங்களுக்காக உருவானவை. பூனைக்கு ஆபரேஷன் செய்யும் வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது. அங்கே ஆபரேஷன் செய்யவில்லை என்று யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாவட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு பூனைக் கருத்தடை முகாம் நடந்தால் சாக்கில் கட்டிப் போகும் குட்டிகளில் பெரும்பாலானவை பிறக்காமலே இருக்கும். 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி குறைந்த கட்டணத்தில் கருத்தடை மருத்துவமனை திறந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் நாய் பூனைகள் கொல்லப்பட்டன. இன்று அது சில லட்சமாகக் குறைந்திருப்பதில் மலிவான கருத்தடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பெர்சியன் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே கேள்வி வேறு மாதிரி வரும். ‘ஒருதடவை கிராஸ் பண்ணினா குட்டியை வித்து வாங்கின காசை எடுத்துடலாம்.’ ஆண் பூனை வைத்திருப்பவருக்கு ஒரு குட்டியோ பணமோ கொடுத்துவிட்டு மீதியை விற்பது வழக்கமாகிவிட்டது. இந்தத் தேர்வை நான் மற்றவற்றோடு சமமாக வைக்க மாட்டேன். பெர்சியன் பூனைகளிடம் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் பரவலாக இருக்கிறது. பெற்றோரில் ஒன்றுக்கு அந்த மரபணு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். அதைக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை 2004 முதல் சாத்தியம். நம் ஊரில் கிராஸ் செய்கிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்? தட்டை முகத்துக்கு மூச்சே சிரமம், அதில் சித்திரை வெயில். காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டு இன்னும் மோசம். காதை மடக்கும் அதே குருத்தெலும்புக் கோளாறுதான் மூட்டுகளையும் கெடுக்கிறது. பூனை ஆயுளுக்கும் வலியோடு நடக்கும். நெதர்லாந்து போன்ற நாடுகளில் அந்த இனத்தைப் பெருக்கத் தடை இருக்கிறது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு மத்திய அரசு 2017இல் தனி விதிகள் கொண்டுவந்தது. பூனைகளுக்கு அப்படி இல்லாததால் படுக்கையறையில் நடக்கும் இந்த வியாபாரத்தைக் கேட்பாரில்லை. விலை போகாமல் வளர்ந்துவிட்ட குட்டிகளும், ஈத்து ஓய்ந்த தாய்களும் சடைபிடித்த முடியோடு தெருவுக்கு வருகின்றன. பெர்சியனுக்கு ஆபரேஷன் என்றால் மூச்சுக்குழாய் போட்டு ஆக்சிஜன் கொடுக்கும் வசதி உள்ள இடமாகப் பாருங்கள். தட்டை முகத்துக்கு அது கட்டாயம்.

கடுவன் பூனை பற்றிக் கொஞ்சம். ஆணுக்கு ஆபரேஷன் சிறியது, செலவும் குறைவு. சுவரில் சிறுநீர் தெளிப்பது பத்தில் ஒன்பது பூனைகளில் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். இரவில் போய்ச் சண்டை போட்டு முகத்தில் சீழ்க்கட்டியோடு திரும்புவதும் குறையும். ஆனால் ஊரில் குட்டிகள் குறைய ஆணுக்கு மட்டும் செய்தால் போதாது. ஒரே ஈத்தில் இரண்டு மூன்று தகப்பன்களின் குட்டிகள் இருக்க முடியும், ஒரு கடுவன் விலகினால் அடுத்தது வரும். கையிலிருக்கும் காசு ஒரு பூனைக்குத்தான் போதும் என்றால் பெட்டைக்குச் செய்யுங்கள். ஆணுக்குச் செய்தபின் ஆறு வாரம் வரை அதனால் சினைப்படுத்த முடியும் என்பதால், வீட்டில் ஆபரேஷன் ஆகாத பெட்டை இருந்தால் அதுவரை தனியே வையுங்கள்.

இதைப் படிக்கும்போதே உங்கள் பூனை சினையாக இருந்தால்? ஆரம்ப நாட்களென்றால் சினையோடே ஆபரேஷன் செய்ய முடியும். நான் அதைத்தான் செய்வேன். மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்த மாட்டேன். வயிறு நன்றாகத் தெரிகிற கட்டத்தில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். குட்டி போட விடுவதென்று முடிவானால் பிரசவத்துக்கு மறுநாளிலிருந்தே தாயை வெளியே விடாதீர்கள். குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். பால் மறந்ததும் முதலில் தாய்க்கு ஆபரேஷன். குட்டியை வாங்கிக்கொள்கிறவரிடம் அதன் ஐந்தாம் மாதம் என்றைக்கு முடிகிறது என்று தேதி எழுதிக் கொடுத்து, ஆபரேஷன் செலவில் பாதியை நான் தருகிறேன் என்று சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் நீங்களே போன் செய்யுங்கள்.